செய்கை எங்கே?
சிறுநீரில் இரத்தமும் இரண்டாவது வைத்திய ஆலோசனையும்

(நூற்றாண்டு விழாவையொட்டிப் பழைய மாணவியர் சங்கம் ஒழுங்குசெய்த சுகாதாரக் கருத்தரங்கில் நிகழ்த்தப்பட்ட உரை)



நூற்றாண்டு விழாவில் பேசுவதற்கு எத்தனையோ இனிய விடயங்கள் இருக்க, நாங்கள் சிறுநீரோடு இரத்தம் போவதைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். நிகழ்ச்சி நிரலில் இந்தத் தலைப்பைக் கண்டு சிலர் முகம் சுளித்ததாகவும் அறிந்தோம். அவர்களைக் குறை சொல்லவில்லை. நாங்கள் இங்கே படித்த காலத்தில், காலையில் வீட்டில் ஒருதரம் போனால் பிறகு பின்னேரம் வீடு திரும்பித்தான். இடையில் தாகம் எடுத்தாலும் தண்ணீர் குடிக்க மாட்டோம். கையை உயர்த்தி "மிஸ், வெளியில போகட்டோ?" என்று கேட்பதே பெரிய கூச்சம். அந்தக் கூச்சம் 40 வயதிலும் 60 வயதிலும் எங்களோடு கூடவே வருகிறது. சிறுநீரில் இரத்தத்தைக் கண்ட ஒரு பெண் அதை இன்னொருவருக்குச் சொல்வதற்குள் பல கிழமைகள் போய்விடுகின்றன.

19 ஆம் நூற்றாண்டில் வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் இருந்து மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்குவித்தார். அந்த மண்ணின் பிள்ளைகளாகிய நாங்கள் 'சலம்' என்ற சொல்லை ஒரு மண்டபத்தில் உரத்துச் சொல்ல வெட்கப்படத் தேவையில்லை.

இன்று ஒரு கதையோடு தொடங்குகிறோம். கதைக்குரியவரின் அனுமதியைப் பெற்றே சொல்கிறோம். "பேரைச் சொல்லாதேங்கோ, மற்றதெல்லாம் சொல்லுங்கோ" என்பது அவருடைய கட்டளை. ஆகவே யார் என்று தயவுசெய்து ஊகிக்க வேண்டாம்.

எங்கள் வகுப்பிலிருந்து மூன்று பேர் வைத்தியரானோம். ஒருவர் யாழ்ப்பாணத்தில், ஒருவர் இங்கிலாந்தில், ஒருவர் அவுஸ்திரேலியாவில். வகுப்பு முழுவதற்கும் ஒரு வட்ஸ்அப் குழு இருக்கிறது. யாருக்குத் தலையிடித்தாலும், யாருடைய மாமிக்கு முழங்கால் நொந்தாலும் குழுவில் எழுதுவார்கள். மூவரில் அந்த நேரம் விழித்திருப்பவர் பதில் போடுவார். இதைப் பெரிய சேவை என்றே நாங்கள் நினைத்திருந்தோம்.

எங்களுக்குக் கணிதம் கற்பித்த ரீச்சர் ஒருவர் இருக்கிறார். 1995 இடப்பெயர்வின்போது தென்மராட்சியில் ஒரு மாமரத்தின் கீழ் எங்களை இருத்தி, கரும்பலகை இல்லாமலே கணிதம் படிப்பித்தவர். விடை சரியாக இருந்தாலும் செய்கை இல்லாவிட்டால் அவர் புள்ளி போடமாட்டார். "விடையைப் பக்கத்துப் பிள்ளையின்ரை கொப்பியிலயும் பார்க்கலாம். செய்கை எங்கே?" என்பார். அந்தக் கேள்விக்குப் பயந்தே நாங்கள் ஒழுங்காகப் படித்தோம்.

ரீச்சருக்கு 68 வயதாக இருந்தபோது, தை மாதத்தில் ஒரு நாள் காலை சலம் சிவப்பாகப் போனது. நோவு இல்லை, எரிவு இல்லை, காய்ச்சல் இல்லை. மாதவிடாய் நின்று பதினாறு வருடங்கள் கழிந்திருந்ததால், அது எங்கிருந்து வருகிறது என்றே அவருக்கு முதலில் விளங்கவில்லை. முதல் நாள் சாப்பிட்ட பீற்றூட் கறியாக இருக்கும் என்று நினைத்தார். மறுநாளும் அப்படியே போனது. இரண்டு கிழமை யாருக்கும் சொல்லவில்லை. பிறகு எங்களில் ஒருவருக்குத் தொலைபேசியில் சொன்னார். "பிள்ளை, இதையெல்லாம் உங்களிட்டை எப்பிடிச் சொல்லுறது?" என்று தயங்கித் தயங்கித்தான் சொன்னார்.

நாங்கள் என்ன சொன்னோம்? "சலக்கடுப்பாத்தான் இருக்கும் ரீச்சர். நல்லாத் தண்ணி குடியுங்கோ. அஞ்சு நாளைக்கு இந்தக் குளிசையைப் போடுங்கோ" என்றோம். சலப் பரிசோதனை ஒன்றுகூடச் செய்யச் சொல்லவில்லை. மூன்றாம் நாள் இரத்தம் நின்றுவிட்டது. ரீச்சர் எங்களை வாழ்த்தினார். குழுவில் எல்லோரும் கைகூப்பும் படங்கள் போட்டார்கள்.

பங்குனியில் மீண்டும் இரத்தம் வந்தது. இம்முறை அவர் தானாகவே வெளிநோயாளர் பிரிவுக்குப் போனார். அங்கே சலத்தைப் பரிசோதித்து, கல்ச்சர் பரிசோதனைக்கும் அனுப்பி, வேறொரு குளிசை கொடுத்தார்கள். இரத்தம் நின்றது. நின்றுவிட்டதால் கல்ச்சர் முடிவை எடுக்க அவர் போகவில்லை. வைகாசியில் மூன்றாவது முறை. இப்போது ஒரு தனியார் நிலையத்தில் வைத்தியர் ஒருவரைச் சனல் பண்ணிக் காட்டினார். அவர் ஸ்கான் எடுக்கச் சொன்னார். இடது சிறுநீரகத்தில் 5 மில்லிமீற்றர் அளவில் ஒரு சிறு கல் இருந்தது. "இதுதான் காரணம், கரைய மருந்து தாறன்" என்றார். ரீச்சருக்கு நிம்மதி. எங்களுக்கும் நிம்மதி. எங்கள் சுண்ணாம்புக்கல் மண்ணும், வெயிலும், கிணற்றுத் தண்ணீரும் எல்லோருக்கும் தெரிந்ததுதானே. கல் என்றால் யாழ்ப்பாணத்தில் யாரும் மேலே கேள்வி கேட்பதில்லை.

கேள்வி கேட்டவர் எங்கள் மூவரில் ஒருவரும் அல்லர். வங்கியில் வேலைசெய்யும் எங்கள் வகுப்புத் தோழி ஒருவர், ரீச்சர் வீட்டுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி இருப்பவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்க்கப் போனபோது, "ரீச்சர், இது எத்தினையாந்தரம்?" என்று கேட்டிருக்கிறார். பிறகு இருந்த துண்டுகளையெல்லாம் மேசையில் வைத்துத் திகதி வரிசையில் அடுக்கினார். வெளிநோயாளர் பிரிவுக்குப் போய் அந்தக் கல்ச்சர் முடிவையும் எடுத்துவந்தார். எல்லாவற்றையும் படம் பிடித்துக் குழுவில் போட்டு, கீழே நான்கு வரி எழுதினார்:

"மூன்று தரம் இரத்தம். ஒருதரமும் நோவு இல்லை. கல்ச்சரில் கிருமி வளரவில்லை என்று எழுதியிருக்கு. ஸ்கான் றிப்போர்ட்டின் கடைசி வரியில் சிறுநீர்ப்பை போதிய அளவு நிரம்பியிருக்கவில்லை என்று இருக்கு. கல் இருக்குது சரி, இரத்தம் கல்லிலிருந்துதான் வருகுது என்பதற்குச் செய்கை எங்கே?"

அந்தக் கடைசி வரியை வாசித்தபோது எங்கள் மூவருக்கும் கை கால் குளிர்ந்துவிட்டது. ஒரு மருத்துவ மாணவி இறுதிப் பரீட்சையில் எழுத வேண்டிய விடை அது. 68 வயதில், நோவில்லாமல், கண்ணுக்குத் தெரியும்படி சிறுநீரில் இரத்தம் போனால், வேறு காரணம் உறுதியாகும்வரை சிறுநீர்ப்பையில் புற்றுநோய் இருக்கக்கூடும் என்று கருதித் தேட வேண்டும். இது எங்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்திருந்தும், ரீச்சர் என்ற அன்பினாலும், தொலைபேசி என்ற வசதியாலும், சலக்கடுப்பு என்ற பழக்கத்தாலும் நாங்கள் யோசிக்கவில்லை. ஆகவே இன்று இரண்டாவது அபிப்பிராயம் பற்றிப் பேசும்போது, பிழையான அந்த முதல் அபிப்பிராயம் எங்களுடையது என்பதை இந்த மேடையில் ஒப்புக்கொள்கிறோம்.

அடுத்து நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறோம். கல் என்று சொன்ன வைத்தியரிடமே ரீச்சரும் தோழியும் திரும்பப் போனார்கள். "டொக்டர், இன்னொருவரிட்டையும் ஒருக்காக் காட்ட விரும்பிறம்" என்று சொல்வதற்கு ரீச்சர் இரவெல்லாம் நித்திரையில்லாமல் ஒத்திகை பார்த்தாராம். அந்த வைத்தியர் கோபிக்கவில்லை. "நல்லது, காட்டுங்கோ" என்று சிறுநீர்ப்பாதைச் சத்திரசிகிச்சை நிபுணருக்குத் தானே கடிதம் எழுதிக் கொடுத்தார். நிபுணர் முதலிலிருந்து கதையைக் கேட்டார். சிறுநீர்ப்பையினுள்ளே கமெரா விட்டுப் பார்த்தார். புளியங்கொட்டை அளவில் ஒரு வளர்ச்சி இருந்தது. அதைச் சிறுநீர் வழியாகவே வெட்டியெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். புற்றுநோய்தான், வேகமாக வளரும் வகை. ஆனால் சிறுநீர்ப்பையின் தசைக்குள் இன்னும் இறங்கியிருக்கவில்லை. சில கிழமைகளின் பின் அதே இடத்தை மீண்டும் ஒருமுறை வெட்டிப் பார்த்து அதை உறுதிசெய்தார்கள். பிறகு கிழமைக்கு ஒரு தடவையாக ஆறு கிழமைகள் சிறுநீர்ப்பைக்குள் பி.சி.ஜி. மருந்து விட்டார்கள். எங்கள் பிள்ளைகளுக்குப் பிறந்தவுடன் கசநோய்க்கு எதிராகப் போடும் அதே பி.சி.ஜி.தான். அது சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கும் பயன்படும் என்று கனடாவில், ஒன்ராறியோவின் கிங்ஸ்ரன் நகரில் பணியாற்றிய வைத்தியர் அல்வாரோ மொராலெஸ் 1976 இல் வெளியிட்டார். ரீச்சர் இன்று நலமாக இருக்கிறார். ஒழுங்காகக் கமெராப் பரிசோதனைக்குப் போகிறார். கல் இன்னும் இடது சிறுநீரகத்தில் அப்படியே இருக்கிறது. அது ஒருவருக்கும் ஒன்றும் செய்யவில்லை.

இன்னும் ஒரு வருடம் கல்லுக்கு மருந்து எடுத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை இந்தச் சபையில் விரித்துச் சொல்ல விரும்பவில்லை. தசைக்குள் இறங்கிய பிறகு, பலருக்குச் சிறுநீர்ப்பையையே அகற்ற வேண்டி வரும்.

இந்தக் கதையில் எங்களுக்கு விளங்கிய சிலவற்றை ஒவ்வொன்றாகச் சொல்கிறோம்.

முதலாவது, இரத்தம் நின்றது சுகமானதற்கு அத்தாட்சி அல்ல. சிறுநீர்ப்பையில் வளரும் கட்டி விட்டுவிட்டுத்தான் இரத்தம் கசியும். ஒரு நாள் வரும், பிறகு ஆறு கிழமை வராது. அந்த இடைவெளியில் எந்தக் குளிசையைப் போட்டிருந்தாலும் அந்தக் குளிசைக்கே புகழ் போகும். ரீச்சருக்கு மூன்று தரமும் இரத்தம் தானாகவே நின்றது. நாங்கள் மருந்தால் நின்றதாக எண்ணினோம்.

இரண்டாவது, பெண்களுக்கு இந்த நோய் பிந்திக் கண்டுபிடிக்கப்படுவது உலகெங்கும் அறியப்பட்ட விடயம். ஆண் ஒருவர் சிறுநீரில் இரத்தம் என்று வந்தால் அநேகமாக உடனே மேலே அனுப்பப்படுவார். பெண் வந்தால், சலக்கடுப்பு எங்களிடையே அவ்வளவு சாதாரணம் என்பதால், ஒன்றுக்குப் பின் ஒன்றாகக் கிருமிக் குளிசைகள் கொடுக்கப்படும். அல்லது மாதவிடாய், கர்ப்பப்பை என்று வேறு பக்கம் பார்க்கப்படும். மாதவிடாய் நின்ற பிறகு இரத்தம் கண்டால் அது சலத்தோடு வருகிறதா, பிறப்புறுப்பிலிருந்து வருகிறதா, மலவாசலிலிருந்து வருகிறதா என்று பிரித்தறிய வேண்டும். மூன்றில் எது என்றாலும் வைத்தியரிடம் காட்ட வேண்டியதே. சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்குப் புகைத்தல்தான் பெரிய காரணம் என்பது உண்மை. ஆனால் ரீச்சர் தன் வாழ்நாளில் சுருட்டையோ சிகரெட்டையோ தொட்டதில்லை. "நான் புகைக்கிறதில்லை, எனக்கு வராது" என்று யாரும் இருந்துவிடக் கூடாது.

மூன்றாவது, பயப்படவும் தேவையில்லை. சிவப்பாகப் போவதெல்லாம் இரத்தம் அல்ல. பீற்றூட், இப்போது எங்கள் சந்தைகளிலும் கிடைக்கும் சிவப்பு டிராகன் பழம், கசநோய்க்குக் கொடுக்கும் ரிபாம்பிசின் எல்லாம் சலத்தின் நிறத்தை மாற்றும். இரத்தமே என்றாலும் எல்லாம் புற்றுநோய் அல்ல. கிருமித் தொற்று, கல், சிறுநீரகத்தின் வடிகட்டிகளில் ஏற்படும் அழற்சி என்று பல காரணங்கள் உண்டு. தொண்டை நோவோ தோலில் சிரங்கோ வந்து சில கிழமைகளின் பின் ஒரு பிள்ளைக்குச் சலம் தேத்தண்ணி நிறத்தில் போய், முகம் அதைத்தால், அது சிறுநீரக அழற்சியாக இருக்கலாம். உடனே காட்ட வேண்டும். சலத்தில் இரத்தத்தோடு புரதமும் போய், இரத்த அழுத்தமும் கூடியிருந்தால் அது சிறுநீரக வைத்திய நிபுணர் பார்க்க வேண்டிய நோய். ரீச்சருக்கு வந்தது சத்திரசிகிச்சை நிபுணர் பார்க்க வேண்டிய நோய். இந்த இரண்டு பேரும் வேறு வேறு நிபுணர்கள். சரியான கதவைத் தட்டுவதும் இரண்டாவது ஆலோசனையின் ஒரு பங்குதான்.

கண்ணுக்குத் தெரியாத இரத்தமும் உண்டு. வேலைக்கோ வீசாவுக்கோ செய்யும் பரிசோதனையில் சலத்தில் தோய்க்கும் பட்டி நிறம் மாறினால் சிலர் அன்று இரவே நித்திரையை இழந்துவிடுகிறார்கள். பட்டி காட்டுவது முடிவல்ல. அதே சலத்தை நுணுக்குக்காட்டியில் பார்த்துச் செங்குழியங்கள் இருக்கின்றனவா என்று எண்ண வேண்டும். மாதவிடாய் நாட்களில் கொடுத்த மாதிரி என்றால், அந்த நாட்கள் கழிந்த பிறகு திரும்பச் செய்ய வேண்டும். இளம் பெண்கள் பலருக்கு அந்த இரண்டாவது பரிசோதனையோடு விடயம் முடிந்துவிடும். இரண்டாவது ஆலோசனை எப்போதும் கெட்ட செய்தியைக் கொண்டுவருவதில்லை.

சரி, எப்போது இன்னொருவரிடம் காட்ட வேண்டும்? கிருமித் தொற்று என்று மருந்து தந்து, அது முடிந்த பிறகும் இரத்தம் இருந்தால் அல்லது திரும்ப வந்தால். கல்ச்சரில் கிருமி இல்லை என்ற பிறகும் கிருமிக்கே மருந்து தரப்பட்டால். ஸ்கானில் ஒன்றும் இல்லை என்று சொல்லியும் இரத்தம் தொடர்ந்தால். ஏனெனில் வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் ஸ்கானுக்குச் சிறுநீர்ப்பையிலுள்ள சிறிய வளர்ச்சிகள் தப்பிவிடலாம், சிறுநீர்ப்பை நிரம்பாவிட்டால் பெரியவையும் தப்பலாம். இரத்தம் உறையாமலிருக்க வாபறின் போன்ற மருந்து எடுப்பவரிடம் "அந்த மருந்தால்தான்" என்று சொல்லி முடித்துவிட்டால். அந்த மருந்து இரத்தக் கசிவைக் கூட்டலாமே தவிர, கசியும் இடம் ஒன்று அங்கே இருக்கக்கூடும். சிறுநீரகத்தையோ சிறுநீர்ப்பையையோ அகற்ற வேண்டும் என்று சொல்லப்பட்டால், அப்போதும் இன்னொரு நிபுணரைக் கேட்பது நியாயமானது. வெட்டியெடுத்த இழையத்தை இன்னொரு நோயியல் நிபுணர் பார்ப்பதும் நியாயமானது.

இங்கிலாந்தில் இருப்பவர்கள் ஒன்றை நினைவில் வைத்திருங்கள். 45 வயதும் அதற்கு மேலும் உள்ள ஒருவருக்குக் கிருமித் தொற்று இல்லாமல் கண்ணுக்குத் தெரியும் இரத்தம் போனாலோ, தொற்றுக்குச் சிகிச்சை செய்த பின்னும் தொடர்ந்தாலோ, புற்றுநோய்ச் சந்தேகத்தின் பேரில் அவசரமாக நிபுணரிடம் அனுப்ப வேண்டும் என்று அங்குள்ள வழிகாட்டி 2015 முதல் சொல்கிறது. குடும்ப வைத்தியரிடம் போகும்போது அதைப் பணிவாக நினைவூட்டலாம். கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் குடும்ப வைத்தியர் ஊடாகவே நிபுணரிடம் போக வேண்டும். அதனால் "அவர் அனுப்பவில்லை" என்று இருந்துவிடாமல் "அனுப்புங்கள்" என்று கேட்க வேண்டும்.

இங்கே இலங்கையில் எங்களுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. அரசாங்க வைத்தியசாலையில் நிபுணரின் கிளினிக்கும் பரிசோதனையும் இலவசம். வெளிநோயாளர் பிரிவில் ஒரு கடிதம் வாங்கினால் போதும். அவசரமென்றால் காசு கட்டிச் சனல் பண்ணலாம். ஆனால் ஒன்று: காலையில் அரசாங்க வைத்தியசாலையில் பார்த்த அதே நிபுணரை மாலையில் காசு கட்டிப் பார்ப்பது இரண்டாவது அபிப்பிராயம் ஆகாது. சிரிக்கிறீர்கள்; ஆனால் பலர் அப்படித்தான் செய்கிறார்கள்.

போகும்போது என்ன கொண்டுபோக வேண்டும்? கிளினிக் கொப்பி, எல்லாச் சல, இரத்தப் பரிசோதனை முடிவுகளும், ஸ்கான் றிப்போர்ட்டும் படங்களும், முன்பு வைத்தியசாலையில் தங்கியிருந்தால் அந்த அட்டை, எடுக்கும் குளிசைகள், சித்த ஆயுள்வேத மருந்துகள், கைமருந்துகள் உட்பட. இரத்தம் போன நாட்களை ஒரு தாளில் எழுதுங்கள். நோவு இருந்ததா, கட்டியாக விழுந்ததா, தொடக்கத்திலா கடைசியிலா முழுவதுமா என்று குறித்துக்கொள்ளுங்கள். கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்தால் இன்னும் நல்லது. வெட்கப்பட வேண்டாம், வைத்தியருக்கு அந்தப் படம் பத்து வசனத்துக்குச் சமம்.

அங்கே போய் "எனக்குக் கல்" என்று தொடங்க வேண்டாம். முதலில் இரத்தம் போன கதையைச் சொல்லுங்கள். கல் என்று தொடங்கினால் இரண்டாமவரும் கல்லையே பார்ப்பார். முதல் வைத்தியர் சொன்னதைக் கடைசியில் சொல்லலாம், மறைக்கவும் கூடாது. எல்லாம் முடிந்ததும் ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "இந்த இரத்தம் எங்கேயிருந்து வருகுது என்று கண்டாச்சா? எதைக் கொண்டு அப்படிச் சொல்லுறீங்கள்?" வைத்தியரைச் சோதிக்கும் கேள்வி என்று நினைக்காதீர்கள். நல்ல வைத்தியர் தன்னிடம் தானே கேட்டுக்கொள்ளும் கேள்வி அது. கேட்கத் தவறிய வைத்தியருக்கு, எங்களுக்கு உதவியதுபோல, நினைவூட்டும் கேள்வியும் அதுதான்.

கமெராப் பரிசோதனை என்றதும் பலர் பின்வாங்குகிறார்கள். ரீச்சரும் பின்வாங்கினார். அநேகமானோருக்கு மரக்கச் செய்யும் ஜெலி போட்டு, வளையும் மெல்லிய குழாயால் சில நிமிடங்களில் பார்த்து முடித்துவிடுவார்கள். ஓரிரு நாள் எரிவு இருக்கலாம். பெண் தாதி ஒருவர் கூட நிற்க வேண்டும் என்று கேட்கலாம். கேட்பது உங்கள் உரிமை.

எச்சரிக்கையாக இரண்டு வார்த்தை. இரத்தம் கட்டிகட்டியாகப் போய்ச் சலம் அடைபட்டால், குளிர் நடுக்கத்தோடு காய்ச்சலும் விலாவில் நோவும் வந்தால், தலைசுற்றும் அளவுக்கு இரத்தம் போனால், அல்லது கர்ப்பிணி ஒருவருக்கு இப்படி நேர்ந்தால், அது இரண்டாவது அபிப்பிராயம் தேடும் நேரமல்ல. கிட்டவுள்ள வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். அடுத்தது, இரண்டாவது அபிப்பிராயம் என்பது எங்களுக்குப் பிடித்த விடையைச் சொல்லும் வைத்தியரைக் கண்டுபிடிக்கும்வரை ஊர் சுற்றுவதல்ல. நான்கு பேரைப் பார்த்து நான்கு ஸ்கான் எடுத்து, கடைசியில் "கமெரா தேவையில்லை" என்று சொன்னவரோடு நின்றுவிடுவது வைத்தியம் ஆகாது. இருவர் வேறு வேறு விதமாகச் சொன்னால், காரணம் கேளுங்கள். யாருடைய காரணம் கையிலுள்ள றிப்போர்ட்டுகளோடு பொருந்துகிறது என்று பாருங்கள்.

தொலைபேசியில் சொல்லும் அபிப்பிராயத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வெளிநாட்டில் ஒரு வைத்தியர் மருமகளோ பெறாமகளோ இல்லாத குடும்பம் இன்று எங்களிடையே குறைவு. நோயாளியைப் பார்க்காமல், வயிற்றைத் தொடாமல், றிப்போர்ட்டை வாசிக்காமல் அன்பினால் சொல்லும் பதில், அவர் வைத்தியரிடம் போவதைத் தள்ளிப்போட வைக்கும். ரீச்சர் விடயத்தில் தை மாதத்தில் நாங்கள் சொன்ன ஒரு வசனம் பல மாதங்களை விழுங்கியது. இப்போது எங்கள் குழுவில் ஒரு விதி வைத்திருக்கிறோம். இரத்தம் என்ற சொல் வந்தால், அது எந்த வழியால் வந்த இரத்தமானாலும், நாங்கள் மூவரும் மருந்தின் பெயர் சொல்வதில்லை. "எப்ப காட்டப் போறீங்கள்?" என்று மட்டும் கேட்போம். காட்டும்வரை நாளுக்கு ஒருதரம் கேட்போம்.

இந்தப் பாடசாலை எங்களுக்கு ஒழுக்கத்தைப் படிப்பித்தது. பெரியவர்கள் சொன்னால் கேட்க வேண்டும் என்று படிப்பித்தது. அந்த மரியாதை நல்லது; வைத்தியரிடமும் அது இருக்கட்டும். ஆனால் அதே வகுப்பறைகளில்தான் செய்கையைக் காட்டு என்றும் படிப்பித்தார்கள். இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல. மரியாதையாகவே கேட்கலாம், கேட்ட பிறகும் மரியாதை குறையாது. ரீச்சருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்த வைத்தியரிடம் அவர் இப்போதும் இரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுக்கிறார்.

சத்திரசிகிச்சை முடிந்து வீடு வந்த பிறகு நாங்கள் மூவரும் ரீச்சரோடு பேசினோம். மன்னிப்புக் கேட்டோம். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "மூண்டு பேருக்கும் புள்ளி இல்லை. அந்த வங்கிப் பிள்ளைக்கு நூற்றுக்கு நூறு" என்றார். நாங்கள் ஏற்றுக்கொண்டோம்.

அன்பான பழைய மாணவியரே, இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் அம்மாவிடம், மாமியிடம், உங்களுக்குப் படிப்பித்த ரீச்சரிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். நேராகவே கேளுங்கள்: "சலத்தோட எப்பவாவது இரத்தம் போனதோ? ஆரிட்டையும் காட்டினீங்களோ? அவை என்ன காரணம் சொன்னவை?" அவர்கள் வெட்கப்பட்டால் நீங்கள் வெட்கப்படாதீர்கள்.

 நூறு ஆண்டு கண்ட எங்கள் பாடசாலை வாழ்க.